ஆயா வீட்டுக்கு ஒரு சான்றிதழ்

காங்கேயத்தில் காலை எட்டு மணிக்குள் ஆள் ஏற்றும் வண்டிகள் ஊரைச் சுற்றி முடித்துவிடும். பனியன் கம்பெனி வேன்கள் திருப்பூர் சாலையில் ஏறும். தேங்காய்க் களங்களுக்குப் போகிறவை வெள்ளக்கோவில், சென்னிமலை, தாராபுரம் சாலைகளில் பிரியும். வண்டிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதற்குக் கால் மணி நேரம் முன்பு லைன் வீட்டுச் சந்துகளில் வேறொரு நடமாட்டம் இருக்கும். இடுப்பில் பிள்ளை, கையில் ஒயர் கூடை, கூடையில் பால் புட்டியும் மாற்றுத் துணியும் டப்பாவில் பருப்புச் சாதமும். சந்தின் கோடியில் ஒரு வீட்டுக்காரம்மா பிள்ளையை வாங்கிக்கொள்வார். “ராத்திரியெல்லாம் தூங்கவே இல்லீங்க ஆயா, கொஞ்சம் படுக்க வெச்சிருங்க” என்று சொல்லிக்கொண்டே தாய் வண்டிக்கு ஓடுவார்.

அந்த வீட்டுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. எந்த அலுவலகப் பதிவேட்டிலும் அது இல்லை. ஆனால், இந்த வட்டாரத்தின் எண்ணெய் ஆலையும் அரிசி ஆலையும் பின்னலாடையும் காலையில் ஓடத் தொடங்குவது அந்த வீட்டை நம்பித்தான்.

அப்படியொரு வீட்டில் ஒரு முற்பகல் உட்கார்ந்திருந்தேன். அட்டைக் கூரை, இரண்டு அறை, உத்தரத்தில் இரண்டு சேலைத் தூளி. ஏழு பிள்ளைகள், கடைக்குட்டிக்கு எட்டு மாதம். பார்த்துக்கொள்பவருக்கு அறுபது வயது இருக்கும். முட்டி தேயும்வரை களத்தில் தேங்காய்ப் பருப்பு கொத்தியவர். யாருடைய புட்டி எது என்று மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும் ஒரு நிறத்தில் பனியன் வேஸ்ட் நூலைக் கட்டிவைத்திருந்தார். அதே நிற நூல் அந்தந்தப் பிள்ளையின் மாற்றுத் துணி முடிச்சிலும் இருந்தது. இரண்டு பிள்ளைகள் ஒடிசாக் குடும்பத்துக்காரர்கள். அவர்களுக்காக ‘பானி’, ‘தூத்’, ‘சோ ஜா’ என்று மூன்று சொற்கள் கற்றுவைத்திருக்கிறார். எந்த நிர்வாகவியல் வகுப்பும் கற்றுத்தராத ஒழுங்கு அந்த வீட்டில் இருந்தது.

பேச்சுவாக்கில் ஒன்று கேட்டேன். கடலைப் பருப்போ தேங்காய்ச் சில்லோ ஒரு பிள்ளையின் தொண்டையில் சிக்கினால் என்ன செய்வீர்கள்? யோசிக்காமல் சொன்னார்: “வெரல உட்டு எடுத்துருவேனுங்க. இல்லீன்னா தலகீழாப் புடிச்சு ஒதறுவேன்.”

இரண்டுமே ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்ட வேண்டும். வரவில்லையென்றால் மல்லாத்தி, மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு பொம்மையை வைத்து அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். முப்பது வருடம் பிள்ளை வளர்த்த அனுபவம் இதைச் சொல்லிக்கொடுக்காது. பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் அப்படி ஒரு நிமிடம் வருவதே இல்லை. வருகிற அன்று, கற்றுக்கொள்ள நேரம் இருப்பதில்லை.

பயிற்சி வேண்டும் என்று நான் சொல்வதன் மொத்தக் காரணமும் இவ்வளவுதான். அன்றாடத்தை அனுபவம் பார்த்துக்கொள்ளும். அபூர்வமாக வருவதைப் பயிற்சிதான் பார்த்துக்கொள்ள முடியும்.

“பிள்ளை வளக்கறதுக்குப் படிப்பு எதுக்குங்க, நம்ம ஆத்தாவும் அமுச்சியும் படிச்சுட்டா வளத்தாங்க?” என்று கேட்பவர்கள் கொங்கு நாட்டில் எந்த வீட்டிலும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், அந்த அமுச்சிகள், அதாவது பாட்டிகள், வளர்த்த காலத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020இல் தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 13. நடுவில் நம் தாய்மார்களின் பாசம் கூடிவிடவில்லை. தடுப்பூசி வந்தது, மருத்துவமனைப் பிரசவம் வந்தது, பயிற்சி பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் வாசலுக்கு வந்தார். பிரசவம் பார்ப்பதற்குப் பயிற்சி எதற்கு என்று இன்று ஒருவரும் கேட்பதில்லை. பிறந்த பிள்ளையை அடுத்த மூன்று வருடம் பகல் முழுக்க வைத்துக்கொள்பவருக்கு மட்டும் எதற்கு என்கிறோம்.

தவிர, அமுச்சியே இப்போது வீட்டில் இல்லை. அவரும் களத்தில் தேங்காய்த் தொட்டி பொறுக்கிக்கொண்டிருக்கிறார். கூட்டுக் குடும்பம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சை இந்த வட்டாரத்தில் வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணிடமும் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு அந்தப் பேச்சே பொருந்தாது. ஆயாவுக்குப் பணம் கொடுக்க முடியாதவர்கள் பிள்ளையைக் களத்துக்கே தூக்கிப் போகிறார்கள். கொட்டிக் கிடக்கும் தேங்காய், மட்டை உரிக்கும் கம்பி, சில களங்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் கந்தகப் புகை எல்லாவற்றுக்கும் நடுவில் அது தவழ்கிறது.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 48ஆம் பிரிவில் குழந்தைகள் காப்பகம் பற்றிச் சொல்லியது. 30 பெண் தொழிலாளர்களுக்கு மேல் உள்ள ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள அறை வேண்டும் என்றது. அதோடு நிற்காமல், குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அந்த அறை இருக்க வேண்டும் என்றும் எழுதியது. சுதந்திரம் கிடைத்த மறு வருடமே ‘பயிற்சி பெற்ற’ என்று எழுதிவிட்டார்கள். யார் பயிற்சி கொடுப்பது, எத்தனை நாள், யார் சான்று தருவது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. விளைவு, பல ஆலைகளில் காப்பகம் என்பது ஆய்வாளர் வரும் நாளில் பூட்டுத் திறக்கப்படும் ஒரு அறை. உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு குதிரைப் பொம்மை.

2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தியபோது 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் காப்பகம் கட்டாயமானது. தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் ஐம்பது என்ற எல்லையிலேயே நிற்கின்றன. காங்கேயத்துக் களத்தில் பதினைந்து, இருபது பேர்தான் வேலை செய்வார்கள். அதிலும் பாதிப் பேர் காண்ட்ராக்ட் ஆள். ஐம்பதைத் தாண்டாத இடத்தில் சட்டத்தின் கண்ணுக்குப் பிள்ளைகளே இல்லை.

அங்கன்வாடி இல்லையா என்றால், இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தமிழ்நாட்டைப் போல ஓட்டிய மாநிலங்கள் குறைவு. பால்வாடி டீச்சர் என்று ஊர் அழைக்கும் அந்தப் பணியாளர் சுமார் ஒரு மாதப் பணிப்பயிற்சி பெறுகிறார். 2023இல் தொடங்கிய ‘போஷன் பி, பதாயி பி’ என்னும் திட்டத்தில் கூடுதல் பயிற்சியும் உண்டு. ஆனால், மையம் பிற்பகலில் மூடிவிடும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு முடிவதோ இரவு எட்டுக்கு. கைக்குழந்தைக்கு அங்கே சத்துமாவு கிடைக்கும். அதைப் பகல் முழுக்க வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘பால்னா’ காப்பகங்கள் ஆறு மாதக் குழந்தையிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நல்ல யோசனை. ஆனால், அதற்கு முந்தைய தேசியக் காப்பகத் திட்டத்தில் பணியாளருக்குக் கொடுத்த மதிப்பூதியம் மாதம் 3,000 ரூபாய் என்பதை நினைத்தால், இந்த வேலையை அரசு எந்தத் தட்டில் வைத்து நிறுத்தது என்று விளங்கிவிடும்.

பயிற்சி என்பது நமக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. மரியா மான்டிசோரி 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறார். கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இல் தொடங்கியது. ராஜம்மாள் தேவதாஸ் அங்கே ஊட்டச்சத்தையும் குழந்தை வளர்ச்சியையும் பெண்களுக்கான பட்டப்படிப்பாக வளர்த்தெடுத்தார். பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த மத்தியக் கல்வி ஆலோசனை வாரியத்தின் குழுவுக்கு 1970களின் தொடக்கத்தில் தலைமை தாங்கியவர் மீனா சுவாமிநாதன். அந்த அறிக்கைதான் பின்னால் அங்கன்வாடிக்கு வழிவிட்டது. இவ்வளவு அறிவு இங்கே சேர்ந்திருந்தும் மூன்று வயதுக்கு மேல்தான் எல்லாம் நின்றது. எழுத்தும் எண்ணும் தொடங்கும் இடத்தில்தான் நம் ஊரில் மரியாதையும் தொடங்குகிறது. ஆறு மாதத்தில் முடியும் ‘மான்டிசோரி டிப்ளமா’ போஸ்டர்கள் கோவை, ஈரோடு பேருந்து நிலையச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு மணி கோக்கச் சொல்லித்தர அதில் வழி உண்டு. ஒரு வயதுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்பதற்கு அங்கே பாடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் குழந்தைப் பராமரிப்பாளர் என்று ஒரு தகுதி இருக்கிறது. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான துறைத் திறன் கவுன்சில் வகுத்தது. இப்போது அதற்கு இல்ல மேலாண்மை, பராமரிப்பாளர் கவுன்சில் என்று பெயர். அடுக்குமாடி வீட்டுக்குப் போய் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. தன் வீட்டில் ஏழு பிள்ளைகளை வைத்திருக்கும் காங்கேயத்து ஆயா அந்தப் பாடத்தில் வரவே மாட்டார்.

மற்ற நாடுகளில் இந்த ஆயாவுக்கு முறையான இடம் உண்டு. பிரான்ஸில் வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் மாவட்ட நிர்வாகத்திடம் உரிமம் வாங்க வேண்டும். 120 மணி நேரப் பயிற்சி. அதில் 80 மணி நேரம் முதல் குழந்தையை வாங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரே சமயத்தில் நான்கு குழந்தைகள்தான் வழக்கமான உச்ச வரம்பு. ஜப்பானில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்றால் ஒருவருக்கு மூன்று. உதவியாளர் இருந்தால் ஐந்து. இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான முதலுதவியை 12 மணி நேரம் படித்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பணக்கார நாடுகள் என்று தள்ளிவிட முடியாது. கொலம்பியா 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஏழைக் குடியிருப்புகளில் ‘சமுதாயத் தாய்மார்’ என்று பெண்களைத் தேர்ந்தெடுத்து, அவரவர் வீட்டிலேயே பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் பார்க்க வைத்தது. சேவை என்று பெயர் சூட்டிச் சம்பளம் தராமல் காலம் கடத்தியது. பெண்கள் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். 2014இல்தான் அவர்களுக்கு முறையான வேலை ஒப்பந்தமும் குறைந்தபட்ச ஊதியமும் வந்தன. நம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்ல வேண்டியிருந்ததே, அதே கதை. பயிற்சி, சான்றிதழ், சேவை என்று தொடங்கும் எதிலும் சம்பளப் பேச்சை முதல் நாளே பேசிவிட வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு வழக்குகளும் போதும்.

பக்கத்தில் கர்நாடகம் 2023இல் ‘கூசின மனே’ என்ற பெயரில் கிராம ஊராட்சிகளில் குழந்தை இல்லங்களைத் தொடங்கியது. நூறு நாள் வேலை அட்டை வைத்திருக்கும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்க்க வைத்து, அந்தத் திட்டத்தின் கூலியையே கொடுத்தார்கள். வேலையிடத்தில் ஐந்து சிறு பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ள நிறுத்திக் கூலி கொடுக்க வேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் மரத்தடியில் தூளி கட்டியதோடு அது முடிந்துபோனது.

இங்கே என்ன செய்யலாம்? முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் பிள்ளை பார்த்தால் அபராதம் என்று தொடங்கக் கூடாது. தொடங்கினால் ஆயா வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு அதே வேலையைச் செய்யும். வார்டுக்கு ஒருவர் மாமூல் வாங்க வருவார். பத்து வருடத்துக்குத் தண்டனை என்ற சொல்லே வேண்டாம். பயிற்சிக்கு வருபவருக்கு அன்றைய கூலி, முடித்தவருக்கு ஒரு அட்டை, அட்டை வைத்திருக்கும் வீட்டுக்கு அரசு தரும் பொருட்கள் என்று இழுக்க வேண்டும்.

பாடத்தைக் கோட்டையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. காங்கேயத்து வீட்டில் எது நடக்கிறதோ அதிலிருந்து எழுத வேண்டும். எண்ணெய்க்குப் பேர்போன ஊர் இது; குளிப்பாட்டியதும் பிள்ளையின் மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லிச் சலித்துவிட்டார்கள். விடாமல் அழும் பிள்ளைக்கு ‘உரம் விழுந்திருக்கு’ என்று சேலையில் போட்டு உருட்டுகிறார்கள். சளி கட்டி மூச்சு வாங்கும் பிள்ளையைத் தொக்கம் எடுக்கத் தூக்கிப் போகிறார்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் அது ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டிய அறிகுறி என்று தெரிந்திருந்தால், தொக்கத்துக்குப் போகும் அரை நாள் மிச்சமாகும். இதைச் சொல்லும்போது அந்தப் பெண்களைக் கேலி செய்யும் தொனி வகுப்பில் வந்துவிடக் கூடாது. வந்தால் மறுநாள் ஒருவரும் வர மாட்டார்கள். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது நல்லது, மூக்கில் மட்டும் வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த செவிலியர்தான் வகுப்பெடுக்க வேண்டும்.

அடுத்தது வீடு. வாசலில் இருக்கும் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? தவழும் பிள்ளை மூழ்குவதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். தூளிச் சேலையை எழுந்து நிற்கும் வயதுப் பிள்ளை கழுத்தில் சுற்றிக்கொள்ள முடியுமா? பூச்சி மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது? வீட்டு ஆண்கள் யார் யார் பகலில் வந்துபோகிறார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடப்படுவோம், கேட்டாக வேண்டும். பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்துகொண்டதாகச் சந்தேகம் வந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது என்பதும், 1098 என்ற எண்ணும் ஆயாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏழு பிள்ளைகள் ஒருவருக்கு அதிகம். இதில் சமரசம் செய்துகொள்ள எனக்கு மனமில்லை. மூன்று வயதுக்குட்பட்டவர்கள் என்றால் ஒருவருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. ஏழு வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு இருவராகச் செய்யட்டும். தூங்கவைப்பதும் கழுவிவிடுவதும் ஊட்டுவதும் போக, பிள்ளையிடம் பேசுவதற்கும் கையில் நேரம் வேண்டும். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. அதற்கு ஆங்கில ரைம்ஸ் தேவையில்லை. “என் சாமிக்குக் கண்ணு எங்கே, மூக்கு எங்கே” என்று ஆயா கேட்டுக்கொண்டே ஊட்டினால் போதும். ஏழு வாய்க்கு ஒரே கையால் ஊட்டும்போது அந்தப் பேச்சுதான் முதலில் காணாமல் போகிறது. எல்லோருக்கும் ஒரு செல்போனைப் போட்டுவிட்டுச் சோறு இறங்கிவிடுகிறது.

வாங்குகிற நாமும் கேட்கப் பழக வேண்டும். கண்ணபுரம் சந்தையில் காளை பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், தாய் மாடு யாருடையது என்று விசாரிப்பார். பிள்ளையை விடப் போகும் வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கின்றன என்றுகூடக் கேட்காமல் விட்டுவிட்டு வண்டி ஏறுகிறோம். கேட்டால் ஆயா கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். அட்டை ஒன்று சுவரில் தொங்கினால் அந்தக் கேள்வியைத் தாய்க்குப் பதிலாக அது கேட்டுக்கொள்ளும்.

பயிற்சி கொடுத்துவிட்டுப் போய்விட்டால் அட்டை தூசி படியும். மாதம் ஒருமுறை யாராவது வாசலுக்கு வர வேண்டும். புதிதாக ஆள் எடுக்கத் தேவையில்லை. வட்டாரத்தில் அங்கன்வாடி மேற்பார்வையாளர் இருக்கிறார், கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். அவர்கள் சுற்றில் ஆயா வீடுகளையும் சேர்த்து, பிள்ளைகளின் எடை, தடுப்பூசி, தண்ணீர்த் தொட்டி மூடி மூன்றையும் பார்த்துவிட்டு வரட்டும். ஏற்கெனவே வேலை குவிந்து கிடக்கும் அவர்களுக்கு இதற்கென்று தனிப் படி கொடுக்காமல் ஏவினால் குறிப்பேட்டில் மட்டும் வருகை பதிவாகும்.

காசுக்கு எங்கே போவது? ஐம்பது பேருக்கு மேல் ஆள் வைத்திருக்கும் ஆலைகள் காப்பகம் வைத்துதான் ஆக வேண்டும்; பொதுக் காப்பகம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளவும் புதிய தொகுப்பு இடம் தருகிறது. குதிரைப் பொம்மை வாங்கும் பணத்தைச் சங்கங்கள் வழியாக ஒரு பொது நிதியில் போடலாம். சிறு களக்காரர்களும் ஆளுக்கு இவ்வளவு என்று சேரலாம். ஆள் கிடைக்கவில்லை என்று தினமும் புலம்பும் களக்காரர்களுக்கு இது தர்மக் கணக்கு ஆகாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு போடும் பெண்ணின் இடத்தில் அன்று யார் பருப்பு பொறுக்கினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மீதியை மகளிர் சுய உதவிக் குழுக் கடனாகவும் நகராட்சியின் பங்காகவும் பிரித்துக்கொள்ளலாம்.

எப்போது தொடங்குவது என்பதற்கு மட்டும் காங்கேயத்தில் சரியான பதில் உண்டு. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் களத்தில் பருப்பு காயாது. தார்ப்பாயைப் போர்த்திவிட்டுக் கார்த்திகை வரை ஆட்களைக் குறைத்துவிடுவார்கள். தாய்மார்கள் வீட்டில் இருப்பார்கள், ஆயா வீடுகளில் பிள்ளைகள் குறைந்திருக்கும். அந்த இரண்டு மாதத்தில் காலையில் இரண்டு மணி நேரம், நாற்பது நாள் என்றால் 80 மணி நேரம் ஆகிவிடுகிறது. கோவையிலிருந்து மனையியல் ஆசிரியர்களும் காங்கேயம் அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியரும் வரட்டும். முதல் அணிக்கு இருபத்தைந்து பேர் போதும். பொம்மை மட்டும் நாலைந்து கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து முறை தட்டுவதை எல்லோரும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும்.